இடிந்ததாகவே கட்டிய கோபுரம்

அந்தக் கோபுரத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று என் கணவர் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்தச் சண்டையில இடிஞ்சது?" என்று கேட்டார். இடியவில்லை, இடிந்த மாதிரியேதான் கட்டினார்களாம் என்று வீட்டுக்கார அம்மா நொர்வேஜிய மொழியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் சரிந்த சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குக் கூலி குடுத்தவையோ? எங்கட ஊரில ஷெல்லடிச்சுச் சும்மா செய்து தந்தாங்கள்."

அவர் என்ன சொல்கிறார் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். நல்ல கல் என்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய, ஊரில் சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்ட வருடங்கள் அவை. ஹவுகன்ஸ்டுவா மாடிக் குடியிருப்பில் எங்களோடு இருந்த சனம் ஒவ்வொன்றாகப் புறநகரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் ஒஸ்லோவின் மறுபக்க மலைச்சரிவில், ஒரு பழைய மரவீட்டின், பாதி நிலத்துக்குள் இருந்த கீழ்த்தளத்துக்கு வாடகைக்குப் போனோம். நான் சமையலறையில் வேலைசெய்த முதியோர் இல்லம் அந்தப் பக்கம், பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது. "எல்லாரும் மேல போக, நீங்கள் நிலத்துக்குக் கீழ போறியள்," என்று என் மச்சாள் பகிடி பண்ணினாள். பகிடி என்றுதான் அவள் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

மேல்வீட்டில் எண்பது வயதைக் கடந்த அந்த அம்மா தனியாக இருந்தார். இந்த நாட்டில் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் தாயைவிட மூத்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு ஒருநாளும் வளையவில்லை. அவருக்கோ நொர்வேஜிய மொழியில் "அம்மா" என்றால் குழப்பமாகிவிடும். ஆகவே அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், கதவடியில் நின்று செருமிவிட்டுக் கதையைத் தொடங்குவேன். வாடகைக்கு இருந்த காலம் முழுக்கச் செருமியே ஓட்டிவிட்டேன். எனக்குத் தீராத தடிமன், சளி என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

கோபுரத்தின் கதையைச் சொன்னதும் அவர்தான். அவருடைய பாட்டனாரின் தகப்பன் இங்கிலாந்துக்கு மரம் ஏற்றி விற்றவர். விக்டோரியா மகாராணி காலம். அங்கே பெரிய பணக்காரர்கள் தங்கள் தோட்டங்களில் ஒன்றுக்கும் உதவாத கோபுரங்களைக் கட்டி, அவை பழங்காலத்து இடிபாடு போலத் தெரியட்டும் என்று பாதியில் நிறுத்துவார்களாம். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் ஊசியிலை மரங்களுக்கு நடுவில் ஒன்றை எழுப்பினார். உச்சி கிடையாது. ஒரு பக்கச் சுவர் படிப்படியாகச் சரிந்து இறங்கும். மேல்தட்டில் கண்ணாடி இல்லாத ஒரே ஜன்னல், வீட்டைப் பார்த்தபடி. உள்ளே ஒரு மரப்படி. வேறு எதுவும் இல்லை.

எனக்கு அந்தக் கதை பிடிக்கவே இல்லை. நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கோபுரம் என்றால் அதற்குள் ஒரு மணி இருக்க வேண்டும், மணியடிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாமல் விட்ட இடத்தில் ஏதாவது ஒன்று வந்து குடியேறிவிடும் என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் குறுக்குப் பாதை அந்தக் கோபுரத்தை உரசிக்கொண்டு போனது. கார்த்திகை பிறந்தால் வேலை முடிந்து வரும் நேரமே இருட்டிவிடும். அந்த இடம் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, மேலே பார்க்காமல் நடையை எட்டிப் போடுவேன். உள்ளே படியில் யாரோ கால் மாற்றி நிற்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். காற்று என்றார் என் கணவர். காற்றே இல்லாத நாளிலும் கேட்கிறதே என்றேன்.

"அப்ப நரி."

"நரி படியேறுமோ?"

"இந்த நாட்டு நரி ஏறும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அவரோடு பேய்க்கதை கதைக்க முடியாது.

நாங்கள் போன முதல் கோடையில் அந்த அம்மா தன் பரணைத் துப்புரவாக்கச் சொன்னார். அவர் கீழே படியடியில் ஒரு கதிரையில் இருக்க, நாங்கள் சாமான்களை இறக்கினோம். ஒரு பெட்டியை மட்டும், "அதை எனக்கு முன்னால் திறக்காதீர்கள். அப்படியே கொண்டுபோய் எறிந்துவிடுங்கள்," என்றார். கொண்டுபோகும்போது மூடி கழன்றது. உள்ளே பூச்சி உருண்டை மணக்கிற ஆண்பிள்ளை உடுப்புகள். அவற்றில் கையால் பின்னிய தடித்த நீலக் கம்பளிச் சட்டை ஒன்றும் தொப்பியும் எறிய மனம் வராத அளவுக்கு நன்றாக இருந்தன. வேலைக்குப் போடலாம் என்று என் கணவர் எடுத்து வைத்துக்கொண்டார். யாருடையவை என்று நாங்கள் கேட்கவில்லை. எறியச் சொன்ன பொருளுக்கு யார் வரலாறு கேட்பார்கள்?

அந்த இலையுதிர்காலத்தில் கோபுரத்திலிருந்து கற்கள் விழத் தொடங்கின. ஒன்று பாதையிலேயே விழுந்தது. கட்டட வேலைசெய்கிற என் கணவரைக் கூப்பிட்டு அந்த அம்மா சொன்ன கட்டளையை நான் மறக்கமாட்டேன். இடிந்தது இடிந்தபடியே இருக்க வேண்டும், ஆனால் மேற்கொண்டு இடியக் கூடாது. சனி ஞாயிறுகளில் என் கணவர் சாரக் குழாய் பூட்டிப் பலகை போட்டு ஏறி, ஆடுகிற கற்களைக் கழற்றிச் சாந்து வைத்து மறுபடி இருத்தினார். சரிந்த பக்கத்தை அப்படியே கட்டி முடித்துவிட அவருடைய கை துடித்தது. ஒருநாள் ஆசை பொறுக்காமல் இரண்டு வரி கூடுதலாகக் கட்டிவிட்டு, அடுத்த நாள் புறுபுறுத்துக்கொண்டே அதை உடைத்தார்.

பிறகு ஒரு ஞாயிறு பலகை வழுக்கி விழுந்தார். வெட்டிக் குவித்திருந்த கிளைகளின்மேல் விழுந்ததால் மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆனால் அவர் மனம் ஆறவில்லை. பலகை ஈரம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணூறு என்றார். எங்கள் பக்கங்களில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில், பார்க்கிறவர் கண் முதலில் அதில் விழட்டும் என்று ஒரு வெருளி கட்டி வைப்பார்கள். பழைய காற்சட்டையும் சட்டையும் மாட்டி, வைக்கோல் அடைத்த மனிதப் பொம்மை. வேலை முடியும்வரை அது அங்கே நிற்கும். வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

"நீங்கள் மாதாவை நம்பிறியளோ, பொம்மையை நம்பிறியளோ?" என்று கேட்டேன்.

"மாதாவை நம்பிறன். பொம்மை கண்ணுக்கு."

"இந்தக் காட்டுக்குள்ள ஆரின்ர கண் படப்போகுது? மரங்கொத்தியின்ரையோ?"

"ஆரின்ர எண்டு தெரிஞ்சால் நான் ஏன் பயப்பிடுறன்?" என்றார். நான் பகிடியை நிறுத்திக்கொண்டேன். அவர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

வைக்கோலுக்குப் பதில் காய்ந்த இலை. தலைக்கு ஒரு தலையணை உறை. கைகளுக்கு வைத்த கிளை கோணலாக இருந்ததால் ஒரு கை மேலே தூக்கியபடி நின்றது. அந்த நீலச் சட்டையையும் தொப்பியையும் போட்டு, மேல் ஜன்னலில் வீட்டைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு வந்தார். உங்களைவிட இவர் வடிவு என்று பொம்மையைக் காட்டிச் சொன்னேன். அந்த அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. எப்படியும் ஜன்னலால் தெரியும்தானே, கேட்டால் சொல்வோம் என்று விட்டோம். அவர் கேட்கவில்லை. பனி விழுந்தது, சாந்து இறுகாது என்று வேலை நின்றது. வேலை முடியாமல் வெருளியை இறக்கக் கூடாது என்பதால் அது அங்கேயே நின்றது.

அந்த மார்கழியில் மேல்வீட்டில் ஏதோ மாறியது. நான் சனிக்கிழமைகளில் ரோல்ஸ் பொரித்தால் மேலேயும் கொண்டுபோய்க் கொடுப்பேன். மருந்தைப் போலக் கடித்துப் பார்த்து, காரம் என்று பாதியை வைத்துவிடுகிற மனுசி, இப்போது முழுவதையும் சாப்பிட்டார். சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். மேசையில் இரண்டு கோப்பிக் கோப்பைகள் இருந்தன. யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். "வரலாம்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல் எல்லாம் தெரிய, ஒரு குமரியின் சிரிப்பு.

மாலையில் பாதையால் வரும்போது இன்னொன்றையும் கண்டேன். மேல்வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். திரை மெல்ல மூடும், திறக்கும், மறுபடி மூடும். எனக்குத் தலைக்கு மேலே ஒரு கையைத் தூக்கியபடி அந்த உருவம். எதிரே ஆடுகிற திரை. இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்க நடுவால் போகிற மாதிரி எனக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது. உள்ளே இருப்பது நான் கூட்டிக் கொடுத்த இலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடையை ஓட்டமாக்கினேன். அதற்குப் பிறகு நான் பெரிய தெருவால் சுற்றிவரத் தொடங்கினேன்.

"வயசு போனவை உப்பிடித்தான் திரையை இழுத்து இழுத்துப் பாப்பினம்," என்றார் என் கணவர். அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டேன்.

தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் அந்த அம்மாவின் அக்கா மகள் எங்கள் கதவைத் தட்டினார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிற, நல்ல மாதிரியான, எப்போதும் அவசரத்தில் இருக்கிற பெண். கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து தாதி ஒருவர் வந்திருக்கிறார், சின்னம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும், மேலே வர முடியுமா என்றார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா ஜன்னலடிக் கதிரையில் இருந்தார். வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியில் கோபுரம் தெரியவில்லை. தாதி முன்னால் குனிந்து மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, அங்கே போனால் தனிமை இருக்காது என்று. அந்த அம்மாவின் முகம் கல்லாக இருந்தது.

"நான் போகமாட்டேன். அவன் வந்திருக்கும்போது நான் எப்படிப் போவது?"

அக்கா மகள் என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார். சின்னம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். சின்ன வயதில் அந்தக் கோபுரம் அவருடைய இடம். தகப்பனுக்குப் பயந்து அங்கே ஏறி ஒளிந்துகொள்வார். இருட்டும் நேரம் ஜன்னலில் கையைத் தூக்கிக் காட்டுவார். அப்பாவின் கோபம் ஆறிவிட்டது, வரலாம் என்றால் சின்னம்மா இங்கே திரையை மூடித் திறப்பார். வளர்ந்த பிறகு ஒருநாள் பெரிய சண்டை. தகப்பன் வெளியே போ என்றார். அவர் கப்பலில் ஏறிப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. எங்கே செத்தார் என்று யாருக்கும் தெரியாது. "இப்போது அந்தத் தம்பி கோபுரத்தில் வந்து நிற்கிறார் என்கிறார்," என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

அந்த அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். பார்வைதான் மங்கல்.

"அவன் உள்ளே வராததற்குக் காரணம் இருக்கிறது," என்றார். "அப்பா இன்னும் இருக்கிறார் என்று நினைக்கிறான். அப்பா எப்போதோ செத்துப்போனதைத் திரையால் எப்படிச் சொல்வது? அதற்கு நாங்கள் ஒன்றும் பேசி வைக்கவில்லையே."

தாதி தன் பையின் வாரைச் சரிசெய்தார். முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அப்படியொரு இல்லத்தில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள் நான். தங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிய திறப்பு யாரிடம் என்று தினமும் கேட்கிறவர்களுக்குத் தினமும் ஒரே பொய்யைச் சொல்லி உருளைக்கிழங்கு வைக்கிறவள். இந்த மனுசியையும் அங்கே பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அப்போது அந்த அம்மா என்னை நோக்கிக் கை நீட்டினார்.

"அவளைக் கேளுங்கள். தினமும் அந்தப் பாதையால் வருகிறவள். அவள் பார்த்திருப்பாள். நீலச் சட்டை. எங்கள் அம்மா பின்னியது."

நீலச் சட்டை என்ற சொல்லோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இல்லை என்றால் இவருக்குப் பைத்தியம் என்று கொண்டுபோய்விடுவார்கள். ஓம் என்றால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

"ஓம், பார்த்திருக்கிறேன்," என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இத்தனை வயதில் ஒரு மனிசருக்கு அப்படி ஒரு சந்தோசம் வர முடியுமென்று எனக்குத் தெரியாது. மகராசி, அந்த நிமிடத்தோடு எல்லாம் நின்றிருக்கக் கூடாதா?

"யாரைப் பார்த்தீர்கள்?" என்று தாதி கேட்டார்.

சொன்னேன். என் கணவர் செய்த பொம்மை என்றேன். பறவைகளை விரட்டவா என்று கேட்டார். பறவைக்கு அல்ல, பொறாமைக்கு என்றேன். அவர் விளங்காமல் விழித்தார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் நாங்கள் இப்படி வைப்போம், விழுந்து எழும்பியவருக்குப் பயம், பரணிலிருந்து எறியச் சொன்ன உடுப்பு என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அந்த அம்மா பக்கம் நான் பார்க்கவே இல்லை.

என் கணவரைக் கூப்பிட்டோம். பனிக்குள் கால் புதையப் போய் அதை இறக்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த அம்மா எதிர்க் கதிரையைக் காட்டினார். என் கணவர் அதில் இருத்தினார். உறைந்திருந்தது உருகி நிலமெல்லாம் சொட்டியது. அந்த அம்மா எழுந்து வந்து சட்டையின் முழங்கையைத் தடவினார். அங்கே கறுப்பு நூலால் இழை ஓட்டியிருந்தது.

"நீலம் முடிந்துவிட்டது. அதனால் கறுப்பில் தைத்தேன்," என்றார். "அவனுக்கு அது பிடிக்கவில்லை."

அக்கா மகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். உங்களுக்கு மனம் குழம்பிவிட்டது என்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பார்க்க ஒன்று இருந்தது, அதைப் பார்த்திருக்கிறார், கண் மங்கல் தவிரக் குறையொன்றும் இல்லை என்று தாதி சொன்னார். இந்த வீட்டிலேயே இருக்கலாம். எல்லோருக்கும் ஆறுதல். கோப்பி ஊற்றினார்கள். அந்த மனுசியை நான் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. கீழே இறங்கி வந்து மச்சாளுக்குத் தொலைபேசியிலும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தத் திரை அசையவில்லை. சிவப்புச் சட்டையையும் நான் காணவில்லை. ரோல்ஸ் கொண்டுபோனால் வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பார். அடுத்த முறை போகும்போது பழையது அங்கேயே இருக்கும். மாசி முடிவதற்குள் ஒருநாள் தானே கீழே இறங்கி வந்து, அந்த இல்லத்து அறையை எடுக்கும்படி அக்கா மகளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "இங்கேயே இருக்கலாம் என்றுதானே சொன்னார்கள்?"

"இருக்கலாம் என்றார்கள். எதற்கு என்று சொல்லவில்லை," என்றார். பிறகு, என்னை ஆறுதல்படுத்துகிறவர் போல என் கையைப் பிடித்தார். "அவன் வந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டும் என்றுதான் இவ்வளவு காலம் இருந்தேன். வந்தான். உள்ளே இலைதான் இருந்தது."

அவர் படியேறிப் போன பிறகு நான் குசினியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

பங்குனியில் கார் வந்தது. என் கணவர் வாசலில் உறைபனியை வெட்டிச் சரளை போட்டிருந்தார். அந்த அம்மா ஒரு சின்னப் பையோடு இறங்கி வந்து, கதவைத் தானே பூட்டி, திறப்பை அக்கா மகளிடம் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். கோபுர வேலையை வசந்தத்தில் முடித்துவிடுகிறேன் என்று என் கணவர் சொல்ல, வேண்டாம், அது விழுகிறபடி விழட்டும் என்றார். காரில் ஏறி முன்னால் பார்த்தபடி இருந்தார். கார் இறக்கத்தில் திரும்பி மறையும்வரை நாங்கள் நின்றோம்.

"நான் சொல்லாமல் விட்டிருந்தாலும் கொண்டுபோய்த்தான் இருப்பினம்," என்றேன். என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

"ஓம்," என்றார் என் கணவர். "ஆனா, போகமாட்டன் எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு போயிருப்பா."